‘ஓடற வரைக்கும் ஓடட்டும்’: புதிய போன் வாங்குவதை மக்கள் தள்ளிப்போடுவது ஏன்?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் தண்டலம். மருத்துவக் கல்லூரி, அதையொட்டி டிபன் கடைகள், ஜெராக்ஸ் கடைகள், ரீசார்ஜும் ரிப்பேரும் சேர்ந்தே நடக்கும் செல்போன் கடைகள். இங்கிருந்து மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம். உலகத்துக்கு கார், டிவி, போன் எல்லாம் செய்து அனுப்பும் பட்டை இது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்தச் சாலையோரம் நின்று, கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்களின் கையைக் கவனித்தால் ஒன்று புரியும். புது மாடல்கள் குறைவு. ஓரத்தில் விரிசல் விட்ட திரை, மஞ்சளாகிப்போன சிலிக்கான் கவர், பவர் பேங்கோடு ஒயரால் கட்டிப்போட்ட போன் என்பதுதான் அதிகம். ஐபோன் தயாராகும் ஊரில் ஐபோன் இல்லை என்பது பழைய கதை. சம்பளத்தைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். புதிய கதை என்னவென்றால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதினைந்தாயிரம் ரூபாய் போனை மாற்றிக்கொண்டிருந்தவர்களும் மாற்றுவதை நிறுத்திவிட்டார்கள். கேட்டால், “ஓடற வரைக்கும் ஓடட்டும் சார், இப்ப என்ன அவசரம்?” என்கிறார்கள்.

இது தண்டலத்தின் பதில் மட்டுமல்ல. உலகச் சந்தையின் பதிலும் இதுதான். ஐடிசி நிறுவனத்தின் கணக்குப்படி 2016இல் உலகம் முழுவதும் சுமார் 147 கோடி ஸ்மார்ட்போன்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அது 117 கோடியாகச் சரிந்தது. 2024இல் கொஞ்சம் எழுந்து 124 கோடி. இந்தியாவில் 2021இல் 16 கோடியைத் தொட்ட எண்ணிக்கை அடுத்த ஆண்டே 14 கோடியே 40 லட்சத்துக்கு இறங்கியது. 2024இல்கூட 15 கோடியே 10 லட்சம்தான். மக்கள்தொகை கூடியிருக்கிறது, இன்டர்நெட் பயன்படுத்துவோர் கூடியிருக்கிறார்கள், யுபிஐ இல்லாத டீக்கடை இல்லை. ஆனாலும் புதிய போன் எண்ணிக்கை அதே இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறது. காரணம் எளிது. கையில் இருக்கும் போனை மக்கள் கூடுதல் காலம் வைத்திருக்கிறார்கள்.

இதை ‘மந்தம்’ என்று எழுதுவது வழக்கம். வாடிக்கையாளரின் பக்கம் நின்று பார்த்தால் இது மந்தம் இல்லை, கணக்கு.

பத்தாயிரம் ரூபாய் போன் எங்கே போனது?

2016 மார்ச்சில் ஷாவ்மியின் ரெட்மி நோட் 3 இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை ரூ.9,999. அடுத்த ஆண்டு வந்த நோட் 4க்கும் அதே விலைதான். அன்று ஒரு இளைஞர் முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சத்தில் ஒரு நல்ல போன் வாங்க முடிந்தது. ஆன்லைனில் ‘ஃபிளாஷ் சேல்’ என்று பகல் பன்னிரண்டு மணிக்குக் காத்திருந்து வாங்கிய தலைமுறை அது. 2024 ஜனவரியில் அதே வரிசையில் நோட் 13 5ஜி வந்தபோது ஆரம்ப விலை ரூ.17,999. பெயர் அதே, பெட்டி அதே, விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. போன் மேம்பட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால், வாங்குகிறவர் தன் பர்ஸில் இருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார். சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டர் எண்ணிக்கையை இல்லை.

இதற்கு நடுவில் வரியும் ஏறியது. 2020 ஏப்ரல் 1 முதல் செல்போனுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி அடுக்குகள் மாற்றப்பட்டபோது ஏசி, பெரிய டிவி எல்லாம் 28இலிருந்து 18க்கு இறங்கின. போன் இருந்த இடத்திலேயே இருந்தது. அரிசி, காய்கறிக்கு அடுத்து வீட்டில் தவிர்க்கவே முடியாத பொருளாகிவிட்ட ஒன்றுக்கும், கோடைக்கு மட்டும் ஓடும் ஏசிக்கும் இன்று ஒரே வரி. இதில் ஏதோ இடிக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லைபோல.

2025 இறுதியிலிருந்து இன்னொரு இடி. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை வாரி விழுங்குகின்றன. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான் உலகின் பெரும்பங்கு டிராம் மெமரியைச் செய்கின்றன. அதிக லாபம் தரும் டேட்டா சென்டர் மெமரிக்குத் தங்கள் ஆலைகளைத் திருப்பிவிட்டால், போனுக்குப் போகும் மெமரி குறைகிறது, விலை ஏறுகிறது. சாதாரண வாடிக்கையாளருக்கு மெமரி விற்றுவந்த ‘குருஷியல்’ வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. விலை உயர்ந்த போனில் இந்தக் கூடுதல் செலவு தெரியாது. பன்னிரண்டாயிரம் ரூபாய் போனில், ஒவ்வொரு நூறு ரூபாயும் தெரியும். எங்கோ அமெரிக்காவில் ஒரு சாட்பாட் பேசுவதற்கும், தண்டலத்தில் ஒருவர் போன் வாங்குவதைத் தள்ளிப்போடுவதற்கும் உள்ள தொடர்பு இதுதான்.

‘இஎம்ஐ இருக்கே?’ என்று கேட்கலாம். இருக்கிறது. இன்று நடுத்தர விலை போன்களில் கணிசமானவை தவணையில்தான் போகின்றன. ஆனால், தவணையே மாற்றும் காலத்தை நீட்டுகிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பன்னிரண்டு மாதத் தவணை முடிந்ததும் வரும் நிம்மதியை அனுபவித்தவர் உடனே அடுத்த தவணைக்குள் குதிக்க மாட்டார். மாதம் ரூ.1,700 மிச்சமாவது ருசி கண்டுவிடும். அதோடு, 2023 நவம்பரில் பிணையில்லாத நுகர்வோர் கடனுக்கான இடர் மதிப்பை ரிசர்வ் வங்கி 100இலிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. கடன் கொடுப்பவர்களும் சற்று கையை இறுக்கினார்கள்.

கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்கலாம். ரூ.20,000 போனை இரண்டு ஆண்டு வைத்திருந்தால் மாதச் செலவு 833 ரூபாய். நான்கு ஆண்டு வைத்திருந்தால், நடுவில் 2,000 ரூபாய்க்கு ஒரு பேட்டரி மாற்றினாலும், மாதம் 458 ரூபாய். கையில் 16,000 வாங்கி, அதில் பாதியை ஊருக்கு அனுப்பும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் ஒரு வாரத்து மெஸ் செலவு. இதைப் புரிந்துகொள்ளச் சந்தை ஆய்வு நிறுவனம் தேவையில்லை.

பழசும் புதுசும் ஒன்றுபோலத் தெரிந்தால்

2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்தபோது போனை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. 4ஜி இல்லாத போனில் அந்த சிம் வேலை செய்யாது. குரல் அழைப்பே 4ஜி வழியாகத்தான். இலவச டேட்டாவின் ஆசையில் நாடே போன் மாற்றியது. 2022 அக்டோபர் 1இல் 5ஜி தொடங்கியபோது அப்படியான கட்டாயம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே, இன்ஸ்டா எல்லாம் 4ஜியிலேயே ஓடுகின்றன. வேகம் கூடியிருக்கிறது, அந்த வேகத்தை வைத்துச் செய்ய வேண்டிய புது வேலை ஒன்றும் வரவில்லை.

கேமராவும் அப்படித்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய போனில் எடுத்த கல்யாண போட்டோவையும் புது போனில் எடுத்ததையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். அது இரண்டையும் ஒரே மாதிரி சுருக்கித்தான் தரும். திரைக் கண்ணாடி உறுதியாகிவிட்டது, தண்ணீர் பட்டாலும் தாங்குகிறது. தவறி விழுந்து சாகும் போன்கள் குறைந்துவிட்டன. போன் நிறுவனங்கள் தங்கள் பொருளை நன்றாகச் செய்துவிட்டதால் வந்த வினை இது என்றுகூடச் சொல்லலாம்.

விளம்பரங்களில் இப்போது ‘ஏஐ போன்’ என்கிறார்கள். போட்டோவில் பின்னால் நிற்பவரை அழிக்கும் வசதிக்காக எண்பதாயிரம் ரூபாய் கொடுக்க எத்தனை பேர் தயார் என்பதை விற்பனை எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

பேட்டரிதான் உண்மையான காலாவதி தேதி

போன் மாற்றும் முடிவை எடுப்பது பெரும்பாலும் மனம் இல்லை, பேட்டரி. லித்தியம்-அயான் பேட்டரி ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதத் திறன் இருக்கும் என்கிறது ஆப்பிள்; ஐபோன் 15இலிருந்து அதை 1,000 சுற்று என்று மாற்றியது. ஒரு நாளைக்கு ஒரு முழு சார்ஜ் என்றால் 500 சுற்று என்பது ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் கம்மி.

இதில் நம்மூருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதே ஆப்பிள், போனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மே மாதத்தில் மதியம் 35 டிகிரி என்றால் அன்று ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று அர்த்தம். உணவு டெலிவரி செய்பவர் வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டி வைத்திருக்கும் போன் நேரடி வெயிலில் மேப் காட்டிக்கொண்டே சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும். லித்தியம் பேட்டரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. நிறுவனம் சொல்லும் சுற்றுக் கணக்கு அந்தப் போனுக்குப் பொருந்தாது.

முன்பு இது ஒரு பிரச்சினையாகவே இல்லை. நோக்கியா காலத்தில் பின் மூடியைக் கழற்றி, பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, கடையில் புதியதை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. 2007 ஆகஸ்டில், பிஎல்-5சி வகை பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சூடாகலாம் என்று நோக்கியா எச்சரித்தபோது, மக்கள் பேட்டரியைக் கழற்றி அதன் மேலிருந்த எண்ணைத் தாங்களே சரிபார்த்தார்கள். இன்று அப்படி ஒரு எச்சரிக்கை வந்தால் ஒருவராலும் வீட்டில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. ஒட்டி மூடிய கண்ணாடிக்குப் பின்னால் பசை போட்டு வைத்திருக்கும் பேட்டரியை எடுக்க ஹீட் கன் வேண்டும், பழகிய கை வேண்டும்.

பேட்டரிக்கும் விற்பனைக்கும் உள்ள உறவை எவ்வளவு பெரிய நிறுவனமும் மறைக்க முடியவில்லை. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பரிகாரமாக, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. விளைவு? 2019 ஜனவரி 2இல் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் விற்பனை எதிர்பார்ப்பைக் குறைத்த டிம் குக், பலர் புதிய ஐபோனுக்கு மாறாததற்கான காரணங்களில் ஒன்றாக இந்தக் குறைந்த கட்டண பேட்டரி மாற்றத்தையும் சொன்னார். பேட்டரி மட்டும் நியாயமான விலைக்குக் கிடைத்தால் மக்கள் போனை மாற்ற மாட்டார்கள். இதை ஒரு நுகர்வோர் அமைப்பு சொன்னால் வாதம். நிறுவனத்தின் தலைவரே கையெழுத்திட்டுச் சொன்னால் வாக்குமூலம்.

அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் இன்றைய சர்வீஸ் சென்டர் விலைப் பட்டியலைப் படிக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய் மதிப்புள்ள பழைய போனுக்குத் திரை மாற்ற ஆறாயிரம், ஏழாயிரம் கேட்டால், “இதுக்கு புதுசே வாங்கிக்கலாமே” என்ற எண்ணம் தானாக வருவதில்லை; வரவைக்கப்படுகிறது. அதனால்தான் தண்டலத்தின் சின்னக் கடைக்கும், சென்னையின் ரிச்சி தெருவுக்கும் கூட்டம். அங்கே கிடைப்பது எப்போதும் அசல் உதிரிபாகம் இல்லை என்பது போகிறவருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். “ஒரிஜினல் வேணுமா, டூப்ளிகேட் போதுமா?” என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவார். அந்த நேர்மைகூட ஒரு காரணம்.

காத்திருப்பதில் ஆபத்து எங்கே?

இதுவரை சொன்னதை வைத்து, பழைய போனைக் கடைசி மூச்சு வரை வைத்திருப்பதே புத்திசாலித்தனம் என்று முடிவுகட்டிவிட முடியாது. வன்பொருள் நான்கைந்து வருடம் தாங்குகிறது. மென்பொருள் தாங்குகிறதா என்பதே கேள்வி.

போன் நிறுவனம் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டால் போன் நிற்காது. வழக்கம்போல ஓடும். அதுதான் ஆபத்து. கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்படாமல் அப்படியே இருக்கும். அதே போனில்தான் வங்கி ஆப், யுபிஐ, ஆதார் ஓடிபி எல்லாம். ஒரு கட்டத்தில் ஆப்களும் கைவிடும். 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு கிட்கேட் பதிப்பில் ஓடும் போன்களுக்கான ஆதரவை வாட்ஸ்அப் நிறுத்தியது. அதே ஆண்டு மே மாதம் ஐஓஎஸ் 15.1க்கு முந்தைய பதிப்புகளையும் விட்டது.

நம் வீடுகளில் பழைய போன் குப்பைக்குப் போவதில்லை. “எனக்கு புதுசு வாங்கிட்டேன், பழசை அம்மாவுக்குக் கொடுத்துட்டேன்” என்பதுதான் நடைமுறை. மகன் மூன்று வருடம், அம்மா இன்னொரு மூன்று வருடம். அதாவது, அப்டேட் நின்றுபோன போன், மோசடி அழைப்புகளுக்கு எளிதில் மாட்டக்கூடியவரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. அவரது ஓய்வூதியக் கணக்கும் அதில்தான்.

நிலைமை மாறிவருகிறது. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கு ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தது. சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கு அதே ஏழு ஆண்டு என்றது. அதே ஆண்டு அக்டோபரில் இருபதாயிரத்துக்குள் வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு ஆண்டு. ஆக, மலிவு போனுக்கு நீண்ட ஆதரவு தரவே முடியாது என்ற வாதம் உடைந்துவிட்டது. ஆனாலும் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் விலையில் வரும் பல போன்களுக்கு இன்றும் இரண்டு, மூன்று ஆண்டுதான். வசதி உள்ளவர் வாங்கும் போன் ஏழு ஆண்டு பாதுகாப்பாக இருக்கும். கடன் வாங்கி வாங்கியவரின் போன் தவணை முடிந்து சில மாதங்களில் காவல் இல்லாத வீடாகிவிடும். காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி மெகாபிக்சல் எத்தனை என்பது இல்லை, அப்டேட் எத்தனை வருடம் என்பது. கடைக்காரருக்கு அது பெரும்பாலும் தெரியாது. பெட்டியின் மேலேயே, விலைக்குப் பக்கத்தில், ‘இந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட்’ என்று அச்சிட வேண்டும் எனச் சட்டம் சொன்னால் அவருக்கும் தெரிந்துவிடும். பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதி தேதி போடுகிறோம்.

உலகம் காத்திருந்தால் சுங்குவார்சத்திரம் என்னாகும்?

தண்டலத்தில் நின்று இந்த விஷயத்தைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே காத்திருப்பவரும், காத்திருப்பால் பாதிக்கப்படக்கூடியவரும் ஒருவரே.

2019இல் சுங்குவார்சத்திரம் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் எக்ஸ்ஆர் தயாரானது. 2022 செப்டம்பரில் ஐபோன் 14 உலகச் சந்தைக்கு வந்த சில வாரங்களிலேயே இங்கும் தயாராகத் தொடங்கியது. 2025 மே மாதம், அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்கும் என்று டிம் குக் அறிவித்தார். 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர். நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு. இந்த வரிசைகளில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

செப்டம்பர் மாத அறிமுகத்துக்கு முன்பு ஆள் எடுப்பு கூடும், ஓவர்டைம் கூடும், கம்பெனி பஸ்கள் கூடும். பண்டிகைக் காலம் முடிந்ததும் அடங்கும். ஒப்பந்தத் தொழிலாளியின் வருடம் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் ஓடுகிறது. கலிஃபோர்னியாவில் ஒருவர் “இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று நினைத்தால், அந்த எண்ணம் சில மாதங்கள் கழித்து இங்கே ஒரு ஷிப்டாக, ஓவர்டைமாக, சில நேரம் ஒரு வேலையாகக் குறையலாம்.

இப்போது அது கண்ணுக்குத் தெரியவில்லை. உலக அளவில் போன் விற்பனை தேங்கினாலும், சீனாவில் நடந்த உற்பத்தி இந்தியாவுக்கு நகர்ந்துவருவதால் இங்கே எண்ணிக்கை ஏறுகிறது. மொத்த தோசை பெரிதாகவில்லை. நமக்குக் கிடைக்கும் துண்டு பெரிதாகிறது. நகர்வு ஒருநாள் முடியும். அதற்குப் பிறகு வளர்ச்சி என்பது மக்கள் எவ்வளவு அடிக்கடி போன் மாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான்.

வாங்குகிறவர் மனம் மாறினால் என்னாகும் என்பதை இந்தப் பட்டை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 2006இல் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் தொடங்கிய நோக்கியா ஆலை, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை கொடுத்தது. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. வருமான வரித் துறையுடனான வழக்கு, மைக்ரோசாஃப்ட் வாங்கியதில் இந்த ஆலை சேராமல்போனது என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, உலகம் பட்டன் போனிலிருந்து தொடுதிரைக்கு மாறிவிட்டிருந்தது. அங்கே வேலை பார்த்த பெண்களில் பலர் இருபதுகளின் நடுவில் இருந்தார்கள். அடுத்த வேலை தேடியபோது அவர்களிடம் இருந்த திறமை, இனி யாரும் கேட்காத ஒரு பொருளைச் செய்யும் திறமை.

அரசின் ஊக்கத்தொகைத் திட்டமும் பழைய கணக்கிலேயே நிற்கிறது. 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகை, அடிப்படை ஆண்டைவிடக் கூடுதலாக விற்கும் மதிப்புக்கு 4 முதல் 6 சதவீதம் தந்தது. ஆலை இங்கே வந்ததற்கு அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், அதிகமாக விற்றால் பணம் உண்டு, நீண்ட நாள் உழைக்கும்படி செய்தால் ஒன்றும் இல்லை. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ரூ.22,919 கோடியில் உதிரிபாக உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஏப்ரலில் தமிழக அரசும் தன் பங்குக்கு ஒரு திட்டத்தை அறிவித்தது. திரை, கேமரா, பேட்டரி போன்றவை இங்கேயே தயாராக வேண்டும் என்பது நோக்கம். இது சரியான திசை. உதிரிபாகம் புதுப் போனுக்கும் வேண்டும், பழைய போனுக்கும் வேண்டும். உலகம் போனை ஆறு வருடம் வைத்திருக்க முடிவெடுத்தால் அந்த ஆறு வருடத்தில் ஒரு பேட்டரி, ஒரு திரை, ஒரு சார்ஜிங் போர்ட்டாவது தேவைப்படும். அதை யாராவது செய்ய வேண்டும், யாராவது மாட்ட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி இதைக் கட்டாயமாக்கிவிட்டது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மென்பொருள் அப்டேட் வேண்டும். 800 சுற்று கழிந்தும் பேட்டரியில் 80 சதவீதத் திறன் இருக்க வேண்டும். அதே நிறுவனங்கள்தான் இங்கும் விற்கின்றன. அங்கே சட்டம் கேட்டதால் கொடுக்கிறார்கள். இங்கே சட்டம் கேட்கவில்லை. ஆஸ்திரியா 2022இல் மின்னணுப் பொருள் பழுதுபார்க்கும் செலவில் பாதியை, 200 யூரோ வரை, அரசே தரும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் வந்தது. 2024இல் அமைக்கப்பட்ட குழு, ஒரு போனை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் தரும் குறியீட்டுக்கான அறிக்கையை 2025 மே மாதம் கொடுத்தது. பிரித்தெடுக்க எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, அப்டேட் எத்தனை காலம் என்பதெல்லாம் அதில் அளவுகோல். நல்ல அறிக்கை. ஆனால், அறிக்கையாக இருக்கும்வரை அது கடையில் யாருக்கும் உதவாது. மதிப்பெண்ணைப் பெட்டியில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். புதிய போனுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒரே 18 சதவீத ஜிஎஸ்டி என்ற நிலையையும் மாற்ற வேண்டும். பழுதுபார்ப்புக்கு 5 சதவீதம் என்றால் கருவூலம் காலியாகிவிடாது.

கம்பெனிகள் வரவே இந்தப் பட்டையில் ஐடிஐக்களும் பாலிடெக்னிக்குகளும் வரிசையில் நிற்கும் வேலைக்கு ஆள் தயார் செய்கின்றன. ஒரு ஸ்க்ரூவை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் முறுக்கும் வேலைக்கு அதிகப் பயிற்சி தேவையில்லை; அந்த வேலை நின்றால் அது கைகொடுப்பதும் இல்லை. போர்டைப் பிரித்து, பழுதைக் கண்டுபிடித்து, சிப் அளவில் சரிசெய்யும் பயிற்சி வேறு வகை. அதைக் கற்றவர் சுங்குவார்சத்திரத்தில் வேலை குறைந்தால் தண்டலத்திலேயே ஒரு கடை போடலாம். சொந்த ஊரான செய்யாறுக்கோ திண்டிவனத்துக்கோ போயும் பிழைக்கலாம்.

மூடிக் கிடந்த அந்த நோக்கியா வளாகத்தைப் பிறகு வாங்கியது பின்லாந்தைச் சேர்ந்த சால்காம்ப். அது செய்வது போன் இல்லை, சார்ஜர். ஆப்பிள் 2020இல் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்தியது, மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். இன்று அந்த சார்ஜரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறவர்களில், நான்கு வருடப் பழைய போனுக்காக வாங்குகிறவரும் ஒருவர். புதிய போன் வாங்காதவரும் அந்த ஆலைக்கு வாடிக்கையாளர்தான்.